தொகையுள் வாராத குரல்

தோற்றுவாய்

பழந்தமிழ்த் தொகைநூல்களைப் பயில்வோர் அவற்றின் இறுதியிலே ஒரு சிறு குறிப்பினைக் காண்பர். இத்தொகை தொகுத்தார் இன்னார், தொகுப்பித்தார் இன்னார் என்பதே அக்குறிப்பாகும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் அறிகின்றோம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாடினோர் பெயரைக் கூறிய அளவில் அமையாது, பலவற்றுள்ளும் இவற்றைத் தெரிந்தெடுத்தவர் யாவர், அப்பணியை அவர்க்கு இட்டவர் யாவர் என்பதனையும் முன்னோர் குறித்து வைத்தமை எண்ணத்தக்கது. தொகுத்தலாவது சேர்த்தல் மட்டுமன்று, விடுத்தலுமாம். நானூறு பாடல் கொள்ளப்பட்டவிடத்துக் கொள்ளப்படாதன எத்துணை என்பதை இன்று யாரறிவார்?

இக்காலத்தே தொகைநூல் செய்த பணியை ஒருவாற்றான் ஏற்று நிற்பது ஆவணப்படமாகும். பழைய நிழற்படங்களையும் ஒலிநாடாக்களையும் முதியோர் வாய்மொழிகளையும் ஒருங்கு திரட்டி, ஒரு காலத்தின் வரலாற்றை அது நம் கண்முன் நிறுத்துகின்றது. அதனைக் காணுங்கால், தொகுத்தார் யார், தொகுப்பித்தார் யார் என்னும் வினா நம் உள்ளத்தே எழுவதில்லை. அவ்வினா எழாமையால் விளையும் குறை யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டு பிரிட்டன் நாட்டு இசைக்குழு ஒன்றைப் பற்றியது. ஆயினும் அதனுள் நம் சென்னையிற் பிறந்தார் ஒருவரும் உளர். அதனால் நாம் பெறும் பாடமோ, நம் சேர்வராயன் மலைக்கும் ஏற்றதாகும்.

படம் உருவான வரலாறு

பீட்டில்ஸ் என்பது லிவர்பூல் துறைமுக நகரிலே தோன்றி, 1960 முதல் 1970 வரை அப்பெயரால் விளங்கிய இசைக்குழு. ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வர் பெயரையும் உலகம் நன்கறியும். அவர்கள் 1968-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள ரிஷிகேசத்திற்கு வந்து தியானம் பயின்ற செய்தியை நம் நாட்டாரும் அறிவர்.

குழு பிரிந்த காலத்தே, அவர்களுடைய ‘ஆப்பிள்’ நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த நீல் ஆஸ்பினால் என்பார், அவர்களைப் பற்றிய படச்சுருள்களை எல்லாம் தேடித் திரட்டலானார். 1971-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடத்தக்க படமொன்று அவர் கையில் உருவாயிற்று. எனினும் அஃது அன்று வெளிவந்திலது. பெட்டியுள் ஏறக்குறைய இருபதாண்டு உறங்கிக் கிடந்த அம்முயற்சி, 1990-களின் தொடக்கத்தே மீண்டும் உயிர்பெற்றது. லெனன் 1980 டிசம்பர் 8-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டமையால், அவர் முன்னரே அளித்த பேட்டிகளினின்றும் அவர் குரல் எடுக்கப்பட்டது. எஞ்சிய மூவரும் புதிதாகப் பேசினர். அவர்களோடு, இசைப்பதிவுகளை நடத்திய ஜார்ஜ் மார்ட்டினும், ஆஸ்பினாலும், குழுவின் செய்தித் தொடர்பாளராயிருந்த டெரிக் டெய்லரும் பேசினர்.

இவ்வாறு அமைந்த படம் ‘ஆன்தாலஜி’ என்னும் பெயரோடு 1995 நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும், அம்மாதம் 26-ஆம் நாள் முதல் பிரிட்டன் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயிற்று. அச்சொல்லின் பொருள் தொகைநூல் என்பதேயாம். 1996-ஆம் ஆண்டில் வீட்டிலிருந்து காண்பதற்கென விரித்து வெளியிடப்பட்டபோது அஃது எட்டுப் பகுதிகளாய் அமைந்தமையின், அதனை அவர்தம் எட்டுத்தொகை எனினும் பொருந்தும். 2025 நவம்பரில் ஒன்பதாம் பகுதியொன்று சேர்க்கப்பட்டுப் புதுக்கப்பெற்று மீண்டும் வெளிவந்தது.

இப்படத்தின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. கதையை இடைநின்று விளக்குவார் குரல் இதன்கண் இல்லை. குழுவினரே தம் கதையைத் தாமே சொல்லக் கேட்கின்றோம். இதுவே படத்தின் ஆற்றல். இதுவே அதன் இடர்ப்பாடும் ஆம். எங்ஙனமெனின், விளக்குவார் ஒருவர் இருப்பின், ‘இஃது இவர் கருத்து’ என எண்ணி ஒருசிறிது விழிப்போடிருப்போம். அவர் இல்லாவிடத்து, நிகழ்ச்சியே நேரில் வந்து பேசுவதாக மயங்குகின்றோம். தெரிந்தெடுத்த கை மறைந்து விடுகின்றது.

சென்னையிற் பிறந்தவர்

ரிங்கோ ஸ்டார் குழுவிற் சேர்ந்தது 1962 ஆகஸ்டில். அதற்கு முன் ஈராண்டுக் காலம் அக்குழுவில் டிரம் முழக்கியவர் பீட் பெஸ்ட் என்பார். அவர் 1941 நவம்பர் 24-ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். அவர் அன்னையார் மோனா, 1924-இல் தில்லியிற் பிறந்தவர். பீட்டின் தந்தையார் கப்பற்பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் உயிர்நீத்தார். பின்னர் மோனா அம்மையார், இந்தியாவிற் படைப்பணி புரிந்த லிவர்பூல்காரரான ஜானி பெஸ்ட் என்பாரை மணந்தார். 1945-ஆம் ஆண்டின் இறுதியில் அக்குடும்பம் ‘ஜார்ஜிக்’ என்னும் கப்பலேறி லிவர்பூல் சென்று சேர்ந்தது.

இந்திய மண்ணிற் பிறந்து இங்கிலாந்தின் மெல்லிசையுலகிற் புகுந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்னும் புனைபெயரால் விளங்கும் பாடகர் 1936-இல் சென்னையிற் பிறந்தார். கிளிஃப் ரிச்சர்டு 1940-இல் இலக்னோவிற் பிறந்தார். ஆங்கில ஆட்சி முடிவெய்தும் காலத்தே கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள்.

மோனா அம்மையார் துணிவு மிக்கவர். 1954-ஆம் ஆண்டு டெர்பி குதிரைப் பந்தயத்திலே, வெல்லாதென்று பலரும் கருதிய ‘நெவர் ஸே டை’ என்னும் குதிரையின்மேல், தம் நகைகளை அடகு வைத்துப் பெற்ற பணத்தைக் கட்டினார். ஒன்றுக்கு முப்பத்துமூன்று என்னும் விகிதத்தில் அக்குதிரை வென்றது. அப்பொருளின் துணையால் ஹேமன்ஸ் கிரீன் என்னும் தெருவிற் பெரியதொரு வீட்டை வாங்கினார். அவ்வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29-ஆம் நாள் ‘காஸ்பா’ என்னும் காப்பி மன்றத்தைத் திறந்தார். அன்று அங்கே இசைத்தவர் லெனன், மக்கார்ட்னி, ஹாரிசன் ஆகிய மூவரும், கென் பிரௌன் என்பாரும் ஆவர். பீட்டில்ஸ் என்னும் பெயர் பிறக்கு முன்னரே அவர்களுக்கு மேடை அளித்தது, இந்தியாவிற் பிறந்த ஓர் அம்மையாரின் வீட்டு நிலவறை என்பது கருதத்தக்கது. அவ்விடம் இன்று பிரிட்டன் அரசினராற் காக்கப்படும் கட்டடங்களுள் ஒன்றாயிருக்கின்றது.

1960 ஆகஸ்டில் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகருக்கு அழைப்பு வந்தபோது குழுவிற்கு டிரம் முழக்குவார் இலர். மக்கார்ட்னி பீட்டை அழைத்தார். அவரும் உடன் சென்றார். அங்கே அவர்கள் முதலில் இசைத்த விடுதியின் பெயர் ‘இந்திரா’ என்பது. இரவுதோறும் பல மணி நேரம் ஓயாது இசைத்த அப்பயிற்சியே பின்னாளிற் குழுவின் வலிமைக்கு அடிப்படையாயிற்று என்பர். 1961-இல் டோனி ஷெரிடன் என்னும் பாடகரோடு செய்த இசைப்பதிவிலும், 1962 ஜனவரி முதல் நாள் டெக்கா நிறுவனத்தார் நடத்திய தேர்விலும், அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் ஜார்ஜ் மார்ட்டினுக்காகச் செய்த முதற்பதிவிலும் முழக்கியவர் பீட் பெஸ்டே.

நீக்கம்

ஜூன் மாதப் பதிவைக் கேட்ட மார்ட்டின், டிரம் முழக்கம் தமக்கு நிறைவளிக்கவில்லை என்றும், இசைத்தட்டுப் பதிவிற்கு வேறொருவரை அமர்த்துவதாகவும் கூறினார். மேடையினின்றும் அவரை நீக்க வேண்டுமென்பது தம் கருத்தன்று என்று அவர் பின்னர் விளக்கினார். 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள், குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பீட்டைத் தம் அலுவலகத்திற்கு அழைத்து, அவர் நீக்கப்பட்ட செய்தியைத் தெரிவித்தார். தோழர் மூவரும் அவ்விடத்து வந்திலர். இரண்டு நாள் கழித்து ரிங்கோ ஸ்டார் குழுவோடு மேடையேறினார். ‘லவ் மீ டூ’ என்னும் முதல் இசைத்தட்டு அக்டோபரில் வெளிவந்தது. உலகப்புகழ் தொடங்குதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் வெளியேற்றப்பட்டார் என்பது இதனால் விளங்கும். இரசிகர் பலர் சினங்கொண்டு கூச்சலிட்டனர். பின்னாளில் லெனனும், அவ்வமயம் தாங்கள் கோழைகளாய் நடந்துகொண்டதை ஒப்புக்கொண்டார்.

ஈண்டு மற்றொரு செய்தியும் உளது. படத்தைத் தொகுத்தவராகிய ஆஸ்பினால், அந்நாளில் பெஸ்ட் குடும்பத்தின் வீட்டிலேயே தங்கியிருந்தவர். பீட்டின் உற்ற நண்பர். குழுவினரின் வண்டியை ஓட்டியவர். நண்பர் நீக்கப்பட்டது கண்டு தாமும் விலக எண்ணினார். அவ்வாறு விலகற்க என்று தடுத்தவர் பீட்டே. ஆஸ்பினால் தொடர்ந்தார், காலப்போக்கில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையை எய்தினார். பீட் சில காலம் வேறு குழுக்களில் இசைத்து, பின்னர் ரொட்டிச்சாலையில் உழைத்து, அதன்பின் லிவர்பூலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபதாண்டளவு பணிபுரிந்தார்.

இத்தகையவர் தொகுத்த தொகையிலும், பீட்டின் நீக்கத்தைப் பற்றிப் பிறர் பேசுகின்றனரேயன்றிப் பீட் பேசவில்லை. அவரைப் பேட்டி கண்டிலர். நண்பர் கையாலேயே நண்பர் குரல் விடுபட்டது என்பது வியப்பிற்குரியதே. ஆயினும் தனியொருவரைப் பழித்தல் ஈண்டு நம் நோக்கமன்று. தொகுப்பித்தவர் யார் என்று நோக்குமின். குழுவினர்க்கே உரிய நிறுவனம் அது. தம் கதையைத் தாம் சொல்லுதல் அவர்க்குள்ள உரிமை. அத்தொகையை முழு வரலாறு என நாம் கொள்ளுவதே பிழை.

மூன்று அளவைகள்

பொருளை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் முன்னோர் வகுத்தனர். அவற்றைக்கொண்டு இப்படத்தை ஆராய்வோம்.

முதற்கண் உரை. நம்பத்தக்கார் கூற்றே உரையளவை எனப்படும். மக்கார்ட்னியும் ஹாரிசனும் ஸ்டாரும் தம் வாழ்வைப் பற்றிக் கூறுவன நம்பத்தக்கனவே. எனினும் பிரிவைப் பற்றிய வழக்கிலே அவர்கள் ஒரு பக்கத்தார். வழக்குமன்றத்தில் ஒரு பக்கத்தார் உரையை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவார் உளரோ? பீட் எழுதிய நூலும் பிற பேட்டிகளும் மற்றைப் பக்கத்தை உரைக்கும். அவையும் ஒரு பக்கமே என்பதை மறவாதிருத்தல் நேர்மையாம்.

இரண்டாவது காண்டல். படத்தோடு உடன்வெளியான முதல் இசைத்தொகுதியில், பீட் முழக்கிய பத்துப் பதிவுகள் இடம்பெற்றன. முப்பத்து மூன்றாண்டு கழித்து அவற்றிற்குரிய பங்குத்தொகையும் அவரைச் சார்ந்தது. படத்திற் பேசாதவர் இசைத்தட்டில் முழங்குகின்றார். அவர் திறமை எத்தகையது என்பதைக் கேட்பார் தம் செவியாலேயே அறியலாம். முழவொலி யார் பக்கமும் சாராது. அத்தொகுதியின் மேலட்டையைக் காண்மின். பழைய படமொன்றில் பீட்டின் முகமிருந்த இடம் கிழிக்கப்பட்டு, அவ்விடத்தே ரிங்கோவின் முகம் தோன்றுகின்றது. 2008-இல் பீட் தம் குழுவோடு ‘ஹேமன்ஸ் கிரீன்’ என்னும் இசைத்தொகுதியை வெளியிட்டபோது, கிழிபட்ட அத்துண்டையே அதன் அட்டையில் அமைத்தார். சொல்லின்றியே அவர் அளித்த மறுமொழி அது.

மூன்றாவது கருதல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் போலக் கிடைத்தவற்றைக்கொண்டு கிடையாதவற்றை உணர்தல் கருதலாகும். லெனன் இறந்து பதினைந்தாண்டு கழிந்தும் அவர் குரலைத் தேடியெடுத்துச் சேர்த்தனர். லிவர்பூலில் உயிரோடிருந்தவர் குரலைச் சேர்த்திலர். ஆகவே ஒருவர் தொகையுள் இடம்பெறுதலும் பெறாமையும், அவர் இருத்தல் இறத்தலைப் பொறுத்தன அல்ல. தொகுப்பார் அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டனரா என்பதைப் பொறுத்தனவே என்று துணியலாம். பீட் பெஸ்ட் 2025-ஆம் ஆண்டில் மேடையினின்றும் ஓய்வு பெற்றார். அதுகாறும் பிற மேடைகளில் தம் கதையைச் சொல்லும் வாய்ப்பு அவர்க்கிருந்தது. அவ்வாய்ப்பும் அற்றோர் நிலையை இனி நோக்குவோம்.

சேர்வராயன் மலையின் தொகைநூல்கள்

லிவர்பூல் நிலவறையிற் காப்பி மன்றம் ஒன்று வரலாற்றில் இடம்பெற்றது. ஏற்காடோ காப்பி விளையும் மலை. அம்மலையின் வரலாற்றைக் கூறும் நூல்களை எடுத்துக்கொள்வோம். 1883-இல் வெளிவந்த லெஃபனு துரையின் சேலம் ஜில்லா விவர நூலும், 1918-இல் ரிச்சர்ட்ஸ் துரை இயற்றிய கெஸட்டியரும் அவற்றுள் தலையாயவை. தொகுத்தார் ஆங்கில உத்தியோகஸ்தர். தொகுப்பித்தார் சென்னை அரசாங்கத்தார். இவை அரிய நூல்கள் என்பதில் ஐயமில்லை. மழையளவும் நிலவரியும் மலையின் உயரமும் இவற்றால் அறிகின்றோம்.

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. ‘கிரேஞ்ச்’ தோட்டம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது. 1863-இல் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் துரை, ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். அங்குள்ள திருத்துவ ஆலயத்தில் அவர்க்கு நினைவிடம் உண்டு. 1894-இல் தோன்றிய திருஇருதய மகளிர் பள்ளியும், 1917-இல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளியும் தத்தம் ஆண்டுகளோடு பேசப்படுகின்றன. இவையெல்லாம் முறையே.

ஆயின் காக்பர்ன் துரை தாமே மரம் வெட்டிக் குழி தோண்டிக் கன்று நட்டாரல்லர். சரிவைத் திருத்தியவர் யார்? நிழல் மரங்களை வளர்த்தவர் யார்? செடிதோறும் நின்று, பழுத்த கனியை மட்டும் ஒவ்வொன்றாய்ப் பறித்துக் கூடையில் இட்ட பெண்டிர் யாவர்? தோலுரித்து ஊறவைத்துக் களத்திற் காயவைத்தவர் யார்? அவர்தம் பெயரைத் தாங்கிய கல் ஒன்றும் மலையில் இல்லை. ‘கூலியாட்கள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அவர் அனைவரும் அடக்கப்பட்டனர். அவ்வளவில், அட்டையிற் கிழிபட்ட முகத்தினும் அவர் நிலை தாழ்ந்ததே; அங்கே கிழித்த தடமேனும் தெரிகின்றது.

மலையின் பழங்குடியினராகிய மலையாளிகள் தமிழ் பேசுவோர். மலையை ஆள்வோர் என்னும் பொருளால் அப்பெயர் பெற்றார் என்ப. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் ஏனை இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்றும் அவர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இவ்வரலாறும் நூலில் உளது. ஆனால் அங்ஙனம் கூறிய முதியவர் யார், எவ்வூரினர், எச்சொற்களாற் கூறினார் என்பது அவற்றால் விளங்குவதில்லை. பீட்டைப் பற்றிப் பிறர் பேசியது போல, மலையாளரைப் பற்றிப் பிறர் பேசினர்.

எனினும் காண்டலளவை இங்கும் நமக்குத் துணைசெய்யும். 5,326 அடி உயரத்தே சேர்வராயன் கோயில் குகையினுள் நிற்கின்றது. ஆண்டுதோறும் விழாவும் நிகழ்கின்றது. பாதைகளும், வரப்புகளும், ஊர்ப்பெயர்களும், விதை காக்கும் முறைகளும், விழாப் பாட்டுக்களும் அவர் இட்ட கையெழுத்துக்களே. இசைத்தட்டில் முழவொலி நிலைத்தது போல இவை மலையில் நிலைத்துள்ளன. கேட்பார் இருப்பின் இவை பேசும்.

முடிவுரை

ஆகவே மாணாக்கர் மேற்கொள்ளத்தக்கன மூன்று. ஆவணப்படமாயினும் அரசாங்க நூலாயினும் அதனை எடுத்தவுடன், தொகுத்தார் யார், தொகுப்பித்தார் யார் என்று வினவுக. அடுத்து, அதிற் பேசாதவர் யாவர் என்று ஒரு பட்டியல் எழுதுக. அவர் விட்டுச்சென்ற பொருள்கள் உளவோ என்று தேடுக. மூன்றாவது, பேசத்தக்கார் இன்னும் உயிரோடிருப்பின் அவரிடம் சென்று கேட்க.

இம்மூன்றனுள் இறுதியதே விரைந்து செய்தற்குரியது. ஒலியையும் உருவத்தையும் பதியவல்ல கருவி இன்று மாணாக்கர் பலர் கையில் இருக்கின்றது. முன்னாளில் ஒரு நிறுவனமே திரண்டு செய்த பணியை, இன்று விடுமுறை நாளில் ஒருவர் செய்யலாம். தோட்டத்திற் கனி பறித்து முதிர்ந்த பாட்டியார்களும், விழாப் பாட்டை முழுதும் அறிந்த பெரியவர்களும் ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. அவர்பாற் சென்று, இசைவு பெற்று, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து, அவர் சொன்ன சொல்லை மாற்றாது பதிந்து, ஒரு படியை அவர் குடும்பத்தார்க்கும் ஒன்றைக் கல்லூரி நூல்நிலையத்திற்கும் அளித்தல் நன்று. அங்ஙனம் தொகுத்தவர் தம் பெயரையும் இறுதியிற் குறித்து வைப்பாராக. நாம் எவற்றை விடுத்தோம் என்பதைப் பின்வருவோர் வினவுதற்கு அக்குறிப்பே வழிகாட்டும்.